கைலிக்குத் தடை, ஷார்ட்ஸுக்கு அனுமதி: வீட்டு உடைகளின் பெயரும் மரியாதையும்

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து என் அப்பா வந்து சென்னையில் எங்களோடு தங்கியிருக்கிறார். மாலையில் சாரம் கட்டிக்கொண்டு குடியிருப்புக்குள் நடந்துவிட்டு வருவார். 'லுங்கி, நைட்டி அணிந்து பொது இடங்களில் உலவ வேண்டாம்' என்று குடியிருப்போர் சங்கம் இப்போது நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஷார்ட்ஸ் போட்டு நடப்பவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அப்பாவோ, 'நான் கட்டுறது சாரம், லுங்கி இல்லையே' என்கிறார். சாரம், கைலி, லுங்கி மூன்றும் ஒன்றா? இவற்றுக்கு மட்டும் ஏன் இந்த முகச்சுளிப்பு?

பதில்: எங்கள் குடும்பம் தலைமுறையாக ஜவுளி வியாபாரத்தில் இருக்கிறது. கைலி, நைட்டி, பனியன் என்று வீட்டில் உடுத்தும் துணிகளைத்தான் அதிகம் விற்றிருக்கிறோம். அதனால் இந்தக் கேள்வியைச் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

துணி என்று பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளம், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வரும் அகலம். கட்டமோ கோடோ பூவோ போட்டிருக்கும். சென்னையிலும் வட மாவட்டங்களிலும் லுங்கி என்பார்கள். மதுரை, ராமநாதபுரம், தஞ்சைப் பக்கம் கைலி. நெல்லை, தூத்துக்குடியில் சாரம். இலங்கைத் தமிழர்களுக்கும் அது சாரம்தான். ஒரே ஊரில் இரண்டு பெயர் புழங்குவதும் உண்டு. எங்கள் கடையில் கைலியைப் பிரித்துக் காட்டியதும் வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது சாயம் போகுமா என்பதை. விரலை நாக்கில் தொட்டு ஓரத்தில் தேய்த்துப் பார்ப்பார். அப்புறம் நாங்கள் கேட்பது 'மூட்டித் தரவா?' என்று. கடை வாசலில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பவர் இரண்டு முனையையும் சேர்த்து ஒரே ஓட்டில் அடித்துக் கொடுத்துவிடுவார். அது மூட்டிய கைலி. தலைவழியாகவோ கால்வழியாகவோ போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளலாம். மூட்டாமல் வேட்டி மாதிரி சுற்றிக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வகையையும் ஒரே கட்டிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறோம்.

ஆனாலும் உங்கள் அப்பா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் காதுக்குச் சாரம் என்பது வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, திண்ணையில் உட்காரும் பெரியவரின் உடை. லுங்கி என்ற சொல்லோ அவருக்குச் சினிமா வழியாக வந்திருக்கும். கட்டம் போட்ட லுங்கி, முண்டா பனியன், கழுத்தில் கர்ச்சீப் என்றால் அடியாள் என்று பல வருடம் திரையில் பார்த்துப் பழகியிருக்கிறோம். நோட்டீஸ் எழுதியவர் மனதிலும் அந்த ஆள்தான் இருந்திருப்பார், உங்கள் அப்பா இருந்திருக்கமாட்டார்.

இந்தத் துணியின் பழைய கௌரவத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காடு, டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த துறைமுகம். பழவேற்காட்டை அவர்கள் புலிக்காட், பலியகாட் என்று பலவிதமாக எழுதினார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட துணிகள் இங்கிருந்து கப்பலேறித் தென்கிழக்காசியா போயின. மலாய் மொழியில் இன்றும் கட்டம் போட்ட சாரத்துக்கு 'காயின் பெலிகாட்' என்றுதான் பெயர். அந்தப் பெலிகாட் நம் பழவேற்காடுதான். நாம் சாரம் என்பது மலாய்க்காரர்களின் 'சாருங்'. துணி இங்கிருந்து அங்கே போனது, ஒரு பெயர் அங்கிருந்து இங்கே வந்தது. மலேசியாவில் பள்ளிவாசலுக்குப் போகிறவர் நல்ல பெலிகாட் கட்டிக்கொண்டு போவார். மியான்மரில் லௌஞ்சி என்கிறார்கள். அமைச்சரும் அரசு ஊழியரும் ஆசிரியரும் அதைக் கட்டிக்கொண்டே அலுவலகம் போவார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ வெள்ளைக் கைலி கட்டி, வெளுத்த சட்டை போட்டு, தொப்பி வைத்து வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிறவரைப் பாருங்கள். அந்த ஊரில் அது மரியாதைப்பட்ட உடை. அதே கைலியோடு அவர் சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் வாசலில் நின்றால் காவலாளி மேலும் கீழும் பார்ப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கைத்தறி நெசவாளர்களைக் காக்க 1985இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தில், கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட ரகங்களில் சேலை, வேட்டி, துண்டோடு லுங்கியும் இருக்கிறது. குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் லுங்கி நெய்து பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாற்றிக் கட்டம் விழ வைப்பதற்குப் பாவு, அதாவது நெடுக்கு இழை, ஓட்டும்போதே எவ்வளவு கவனம் வேண்டும் என்பது தறியருகே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த உழைப்பை 'ராத்திரி கட்டுற துணிதானே' என்று ஒதுக்குகிறபோது எனக்குக் கோபம் வருகிறது.

சரி, முகச்சுளிப்பு எங்கிருந்து வருகிறது? என் பதில் இதுதான்: நாம் துணியை எடை போடுவதில்லை. அந்தத் துணியை யார் அதிகம் கட்டுகிறார்கள் என்று பார்த்து, அவர்களுக்குக் கொடுக்கும் மதிப்பைத் துணியின் பெயருக்கும் கொடுத்துவிடுகிறோம். கைலி என்றால் மூட்டை தூக்குகிறவர், மீன் விற்கிறவர், ரிக்‌ஷா ஓட்டுகிறவர், கொத்தனார். வெயிலில் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறவர்களுக்கு அதைவிட வசதியான உடை கிடையாது. மடித்துக் கட்டலாம், இறக்கிவிடலாம், அழுக்குத் தெரியாது, துவைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். அவர்கள் கட்டுவதனாலேயே அதை நாம் கீழே வைத்துவிட்டோம்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவில் 2013இல் நடந்தது இதை அப்படியே காட்டுகிறது. பாரிதாரா என்ற பணக்காரக் குடியிருப்பின் சங்கம், லுங்கி கட்டிய ரிக்‌ஷாக்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்றது. அந்த நாட்டில் கிராமத்து ஆண்கள் பெரும்பாலோர் கட்டும் உடை அது. உடனே இளைஞர்கள் லுங்கி கட்டிக்கொண்டு சைக்கிளில் ஊர்வலம் கிளம்பினார்கள். போலீஸ் தடுத்தது. நீதிமன்றமும் சங்கத்தைக் கேள்வி கேட்டது. வேலைக்கு ரிக்‌ஷாக்காரர் வேண்டும், அவர் கட்டும் துணி மட்டும் கண்ணில் படக்கூடாது என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

நம்மவர்களே இதன் அடியை வாங்கியிருக்கிறார்கள். 1966இல் தொடங்கிய சிவசேனை, பம்பாயில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளப்பிய கோஷத்தில் இருந்த சொல்லே லுங்கிதான். 'லுங்கியை விரட்டு' என்பது அதன் பொருள். மாட்டுங்காவில் வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போன தமிழரும் அந்தக் கோஷத்தில் லுங்கிக்காரர்தான். வேட்டிக்கும் லுங்கிக்கும் வித்தியாசம் பார்க்கிற பொறுமை ஏளனம் செய்கிறவனுக்கு எங்கே இருக்கும்?

ஆனால் நாம் அந்த வித்தியாசத்தை மிகக் கவனமாகப் பார்க்கிறோம். 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக, சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் மன்றத்தில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்குள் அவரை விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் கண்டித்தார்கள். அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டியோ பிற இந்திய மரபு உடையோ அணிந்தவரை உடைக்காக மட்டும் பொது இடத்தில் தடுத்தால் உரிமம் ரத்தாகலாம், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம். வேட்டிக்காக அன்று எழுந்த குரலை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் காத்தது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டியை. அன்று வாசலில் நின்றவர் நீதிபதியாக இல்லாமல், கைலி கட்டிய ஒரு லோடுமேனாக இருந்திருந்தால் சட்டமன்றம் வரை போயிருக்குமா? பழவேற்காட்டிலிருந்து உலகம் சுற்றிய துணிக்கு நம் பண்பாட்டில் இடமில்லை என்று யார் முடிவு செய்தார்கள்?

கைலியும் வேட்டியும் கட்டுவதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. உங்கள் அப்பாவைக் கவனியுங்கள். தனியாக நடக்கும்போது சாரத்தை முழங்கால் வரை மடித்துக் கட்டியிருப்பார். எதிரே வயதில் மூத்தவரோ, தெரிந்த பெண்களோ வந்தால் கை தானாக மடிப்புக்குப் போகும். ஓர் உதறலில் துணி கணுக்காலுக்கு இறங்கிவிடும். அந்தப் பெரியவர் கடந்து போன பிறகு மறுபடி மடித்துக்கொள்வார். யாரும் சொல்லிக்கொடுத்த நோட்டீஸ் கிடையாது, பார்த்துப் பார்த்துப் பழகியது. சாரம் கட்டுகிறவர்களுக்குப் பொது இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாது என்று நினைப்பவர்கள் இந்த ஓர் உதறலைப் பார்க்காதவர்கள்.

ஆனால் இதே பழக்கத்துக்குக் கசப்பான பக்கமும் உண்டு. மரியாதை என்ற பெயரில் யார் யாருக்காக இறக்க வேண்டும், யார் இறக்கவே கூடாது என்று சாதி கட்டளை போட்ட காலம் ரொம்பப் பழையதில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிதிராவிடர்கள் மேல் ஆதிக்கச் சாதியினர் விதித்த எட்டுத் தடைகள் ஆவணமாகவே பதிவாகியிருக்கின்றன. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மூடக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. இன்று 'பனியனோட வெளியே நிக்கிறான் பாரு' என்று நாம் சலித்துக்கொள்கிற அதே பனியனுக்காக அடி வாங்கிய மனிதர்கள் நம் தாத்தா காலத்தில் இருந்தார்கள். ஒருவர் என்ன உடுத்தலாம் என்று இன்னொருவர் நோட்டீஸ் ஒட்டும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. உங்கள் சங்கத்துக்காரர்களுக்கு அப்படி ஓர் எண்ணம் இருக்காது, தெரியும். ஆனால் தாங்கள் எந்தப் பழக்கத்தின் மிச்சத்தைத் தொடர்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பனியன் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். குஜராத்தி வணிகர்களைக் குறித்த பெயர் ஐரோப்பியர் வாயில் பனியன் ஆனது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கனவான்கள் வீட்டில் தளர்வாகப் போட்டுக்கொண்ட நீள அங்கிக்கு அந்தப் பெயர். அறிஞர்கள் அதைப் போட்டுக்கொண்டே உட்கார்ந்து தங்கள் படத்தை வரையச் சொன்னார்கள். நம்மிடம் வந்தபோது அது உள்ளாடை. திருப்பூரில் போய்க் கேட்டால் மறுபடி விரியும். அங்கே டி-ஷர்ட்டும் பனியன் கம்பெனியில்தான் தைக்கப்படுகிறது. அங்கே தைத்த அதே சரக்கு வெளிநாட்டு லேபிளோடு மாலில் தொங்கும்போது அதைப் பனியன் என்று சொல்லிப் பாருங்கள், வாங்க வந்த பையன் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம்.

இப்போது ஷார்ட்ஸுக்கு வருவோம், உங்கள் கேள்வியின் நெஞ்சே அங்கேதான் இருக்கிறது. முழங்காலோடு நிற்கும் கால்சட்டைக்குத் தமிழ்நாட்டில் டவுசர் என்று பெயர். நிக்கர், டிராயர் என்றும் சொல்வார்கள். இலங்கையில் களிசான் என்பார்கள், போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல் அது. டவுசர் என்றாலே நமக்குச் சின்னப் பையன் நினைப்புத்தான். 'டவுசர் போட்டுத் திரிஞ்ச பய' என்றால் நேற்று முளைத்தவன் என்று பொருள். கிராமத்தில் வயசுப்பையன் டவுசரோடு பெரியவர்கள் முன்னால் நின்றால் 'போய் கைலியைக் கட்டிட்டு வா' என்று விரட்டிய காலத்தை உங்கள் அப்பா பார்த்திருப்பார். ஏனென்றால் கைலி காலை மூடும், டவுசர் மூடாது.

அந்த டவுசர்தான் பெர்முடா ஆகி, முக்கால் பேண்ட் ஆகி, ஷார்ட்ஸ் ஆகி நிற்கிறது. பெயர் மாறியதும், போடுகிறவர் மாறியதும், இடமும் மாறிவிட்டது. ஷார்ட்ஸ் என்றால் ஜிம்முக்குப் போகிறவர், வெளிநாடு போய் வந்தவர், வீட்டிலிருந்து கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர். முழங்கால் தெரிவதுதான் பிரச்சினை என்றால் தடை ஷார்ட்ஸுக்குத்தான் வந்திருக்க வேண்டும். இறக்கிவிட்ட சாரம் கணுக்கால் வரை மூடுகிறது. ஆக நோட்டீஸ் கவலைப்படுவது உடம்பு தெரிவதைப் பற்றி இல்லை. இந்த ஒரு விஷயத்தைச் சங்கத்துக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து கேட்கலாம். அவர்களிடம் இதற்குப் பதில் இருக்காது. இதைச் சொல்வதால் ஷார்ட்ஸ் போடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் தாராளமாகப் போடட்டும்.

நைட்டி விஷயம் இதைவிடப் பெரியது, ஏனென்றால் அங்கே ஆண்களின் கண்ணும் சேர்ந்துகொள்கிறது. நைட்டி என்ற பெயரில் இரவு இருக்கிறதே தவிர, தமிழ்நாட்டில் அதைப் பகலில்தான் அதிகம் உடுத்துகிறார்கள். சமையல், துணி துவைத்தல், தண்ணீர் பிடித்தல், பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்புதல் எல்லாம் அதில்தான். எங்கள் கடையில் நைட்டி வாங்க வரும் பெண்கள் பார்ப்பதைக் கேளுங்கள். துணி காட்டனா, கழுத்து இறக்கமில்லாமல் இருக்கிறதா, கை முழங்கை வரை வருகிறதா, உள்ளே வெளிச்சம் அடிக்கிறதா என்று லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள். பிள்ளை பெற்றவர்கள் பால் கொடுக்க ஜிப் வைத்ததைக் கேட்பார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு வயிற்றில் இறுக்கிக் கட்டாத உடை இது ஒன்றுதான். சேலையில் கேஸ் அடுப்பு முன்னால் மணிக்கணக்கில் நின்று வேர்த்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட விடுதலை என்று ஆண்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய, எங்கேயும் இறுக்காத உடை. மூடுவதுதான் அடக்கம் என்றால் சேலையைவிட இதற்குத்தான் முதல் மார்க் கிடைக்க வேண்டும். ஆனால் வாசலில் கீரைக்காரர் குரல் கேட்டால் போதும், உள்ளே போய் ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். குளித்துத் துவட்டிய துண்டாகக்கூட இருக்கும், துப்பட்டா கைக்குக் கிடைத்தால் அது. அந்தத் துண்டு எதையும் புதிதாக மறைப்பதில்லை. 'நான் கவனமாகத்தான் இருக்கிறேன்' என்று தெருவுக்குக் காட்டுகிற ஓர் அடையாளம் அது. கீரை வாங்குகிற இரண்டு நிமிடத்துக்குக்கூட அந்த அடையாளம் இல்லாமல் ஒரு பெண் தன் வாசலில் நிற்க முடியவில்லை. அதே நேரத்தில் மாடியில் கணவர் மேலே ஒன்றும் போடாமல் கைலியோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

இதில் உங்கள் சங்கம் தனியாக இல்லை. நவி மும்பையில் கோடிவலி என்ற கிராமத்தில் 2014இல் ஒரு மகளிர் குழுவே பகலில் நைட்டி போட்டால் 500 ரூபாய் அபராதம் என்றது. ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலப்பள்ளி என்ற ஊரின் பெரியவர்கள் 2018இல் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை நைட்டிக்குத் தடை போட்டார்கள். மீறினால் 2,000 ரூபாய், காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் உடையை வேவு பார்க்கப் பரிசு! 2023 ஜூனில் கிரேட்டர் நொய்டாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒட்டிய நோட்டீஸ் ஏறக்குறைய உங்களுடையதேதான்: லுங்கியும் நைட்டியும் போட்டுக்கொண்டு வளாகத்தில் நடமாட வேண்டாம். அங்கேயும் இந்த இரண்டும்தான் ஜோடி சேர்ந்திருக்கின்றன. வீட்டு வேலையோடும் உடலுழைப்போடும் ஒட்டிய இரண்டு உடைகள்.

இந்த மதிப்பெல்லாம் நிலையானது என்று யாராவது சொன்னால் அவர்களுக்குச் சுடிதாரின் கதையைச் சொல்லுங்கள். சுடிதார் என்றால் வடக்கே அந்தக் காலுடைக்கு மட்டும்தான் பெயர், கணுக்காலில் வளையல் அடுக்கியது போல மடிப்பு விழும் இறுக்கமான பேண்ட். நாம் மேல்சட்டை, பேண்ட், ஷால் மூன்றையும் சேர்த்துச் சுடிதார் என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் அதைப் பஞ்சாபி என்கிறார்கள். எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பெண்கள் கல்லூரிக்குச் சுடிதார் போட்டுப் போக ஆசைப்பட்டபோது 'வடக்கத்தி உடுப்பு, தாவணிக்கு என்ன கேடு' என்று வீடுகளில் பெரிய சண்டையே நடந்தது. இன்று? தாவணி விழாக்கால உடையாகிவிட்டது, சுடிதார் அடக்கமான பெண்ணின் உடை என்று சான்றிதழ் வாங்கிவிட்டது. 2019இல் தமிழ்நாடு அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்குப் போட்ட உடை விதியில் சேலையோடு சல்வார் கமீஸும் துப்பட்டாவோடு சுடிதாரும் இருக்கின்றன.

ஆனால் கேரளத்தில் அதே உடைக்கு வேறு கதை. குருவாயூர் கோயிலில் 2007இல்தான் சுடிதாருக்கு அனுமதி கிடைத்தது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் 2016 நவம்பரில் நிர்வாக அதிகாரி அனுமதித்ததை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் மாற்றிவிட்டது. சுடிதாரோடு போகிற பெண்கள் அதன் மேலேயே ஒரு முண்டு வேட்டியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒன்று இருக்கிறது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதி ஒருவர் கோயில்களுக்கு உடை விதி போட்டார், 2016 புத்தாண்டு முதல் அமல். பெண்களுக்குச் சேலை, தாவணி, மேல்துணியோடு சுடிதார். ஆண்களுக்கு வேட்டி அல்லது பைஜாமா, இல்லாவிட்டால் பேண்ட் சட்டை. அந்தப் பட்டியலில் கைலி இல்லை. கோயில் வாசல்களில் ஜீன்ஸ், பெர்முடா, இறுக்கமான லெக்கின்ஸ் கூடாது என்று பலகைகள் வந்தன. சில வாரங்களில் மேல் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. விஷயம் அதுவல்ல. அசல் சுடிதார் பேண்ட்டை எடுத்து லெக்கின்ஸுக்குப் பக்கத்தில் கடை மேசையில் விரித்துப் பாருங்கள். இரண்டும் கெண்டைக்காலை ஒட்டிப் பிடிப்பவைதான். ஒன்று நெய்த துணியை மூலைவாட்டில் வெட்டித் தைத்தது, இன்னொன்று எலாஸ்டிக் நூல் சேர்த்துப் பின்னியது. மேலே ஒரே நீளக் குர்தாவைப் போட்டுவிட்டால் நாலடி தூரத்திலிருந்து எது எதுவென்று நானே சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பெயர் அனுமதிப் பட்டியலில், இன்னொரு பெயர் தடைப் பலகையில். அதே 2015இல்தான் ஒரு தமிழ் இதழ் லெக்கின்ஸ் போட்ட பெண்களைத் தெருவில் அவர்களுக்குத் தெரியாமல் படம் எடுத்து அட்டையில் போட்டு 'எல்லை மீறல்' பற்றிக் கவலைப்பட்டது. பெண்கள் கொதித்து எழுந்தார்கள். எழ வேண்டியதுதான். எல்லை மீறியது கேமராவைப் பிடித்தவர்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? ஒன்று, அப்பா சாரத்தை மாற்ற வேண்டாம். நடைப்பயிற்சிக்கு நல்ல நெருக்கமான நெசவில் மூட்டிய சாரம் எடுத்துக் கொடுங்கள், மேலே ஓர் அரைக்கைச் சட்டை. ஒரு துவைப்புக்குப் பிறகு கஞ்சி போய் உடம்போடு படிந்துவிடும், இடுப்பில் நழுவாது. வழுக்கலான பாலியெஸ்டர் கலப்பு வேண்டாம், வயதானவர்களுக்கு நடையில் அவிழும்.

இரண்டு, சங்கத்துக்கு எழுத்தில் ஒரு வேண்டுகோள் கொடுங்கள். நோட்டீஸில் இருக்கும் இரண்டு உடைப் பெயர்களையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பொது இடத்தில் உடை பற்றி ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'முறையாக உடுத்தி வரவும்' என்ற ஒரு வரி போதும், அது ஷார்ட்ஸுக்கும் சாரத்துக்கும் நைட்டிக்கும் ஒன்றுபோலப் பொருந்தும். 2014 சட்டத்தின் நகல் ஒன்றை வேண்டுகோளோடு இணைத்துவிடுங்கள். சாரம் மரபு உடையா என்று யாராவது கேட்டால் பழவேற்காட்டுக் கதையை அப்பாவே சொல்லட்டும்.

மூன்று, நைட்டியை விட்டுவிட்டுச் சாரத்துக்கு மட்டும் சலுகை வாங்கிக்கொண்டு வராதீர்கள். சங்கம் அப்படித்தான் சமாதானம் பேச வரும், பெரியவர் என்று உங்கள் அப்பாவுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கும். கூட்டத்துக்கு முன்பே உங்கள் பிளாக்கில் இருக்கும் பெண்களிடம் பேசிவிடுங்கள். காலையில் பால் வாங்கவும் குப்பை போடவும் கீழே இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். ஆனால் நோட்டீஸை எழுதியபோது அவர்களில் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதையும் கூட்டத்திலேயே கேளுங்கள்.